உண்மையை எழுதினால் ஊசி போடாமல் விட்டுவிடுவார்களா?

வாசகர் கடிதம்:

பொது சுகாதாரம் படிக்கும் முதுநிலை மாணவர்கள் 22 பேருக்குப் பாடம் எடுக்கிறேன். உலக நலவாழ்வு ஆய்வுகளைப் பத்திரிகை எழுத்தாகச் சொல்லப் பழக்கும் 12 வார வகுப்பு ஒன்று இந்தப் பருவத்தில் என் தலையில் விழுந்திருக்கிறது. நான் பத்திரிகையில் வேலை பார்த்தவள் இல்லை. முதல் பயிற்சியாக, ஆர்டிஎஸ்-எஸ் மலேரியா தடுப்பூசியின் பெரிய ஆய்வைப் படித்து 600 சொற்களில் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் ஆய்வுச் சுருக்கத்தையே வேறு சொற்களில் எழுதித் தந்தார்கள். மீதிப் பேர் ‘மலேரியாவுக்கு முடிவு வந்தாச்சு’ என்கிற ரீதியில் எழுதினார்கள். ஒரு மாணவர், பயிற்சிக்குப் போன வார்டில் பார்த்த குழந்தையின் கதையைப் பெயரை மட்டும் மாற்றி எழுதியிருந்தார். படிக்க நன்றாக இருந்தது, ஆனாலும் நெருடியது. கடைசியில் ஒரு மாணவி கேட்டார்: ‘தடுப்பூசியின் குறைகளையும் நாம் எழுதி, அதைப் படித்த ஒரு தாய் குழந்தைக்கு ஊசி போடாமல் விட்டால் யார் பொறுப்பு?’ எனக்குப் பதில் வரவில்லை. எங்கே தொடங்குவது? எதை வைத்து மதிப்பெண் போடுவது?

பதில்:

வணக்கம். மாணவர்கள் இரண்டு விதமாக எழுதினார்கள் என்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கோளாறாகத்தான் படுகிறது. ஆய்வுச் சுருக்கத்தைத் திருப்பி எழுதியவருக்கு எதிரே நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். தனக்குப் பாடம் தெரியும் என்று உங்களிடம் காட்ட வேண்டியிருந்தது. ‘முடிவு வந்தாச்சு’ என்றவர் எங்கோ பார்த்த தலைப்புகளைப் போலச் செய்து பார்த்திருக்கிறார். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இந்த ஊசியைப் போடலாமா என்று யோசிக்கும் ஒருவர் இரண்டு பேருக்குமே எதிரில் இல்லை.

அதனால் ‘எளிமையாக எழுதுங்கள்’ என்று அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. இருபது வருடத்துக்கு மேல் மருத்துவச் செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். அந்த அறிவுரையைக் கேட்டுத் தேறிய காப்பி (அச்சுக்குப் போகும் முன் நிருபர் தரும் எழுத்துப்படி) ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கடினமான சொல்லை எடுத்துவிட்டு எளிய சொல்லை வைப்பார்கள். கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கும். நான் டெஸ்க்கில் உட்கார்ந்தபோது மூத்த ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு காப்பிக்கும் ஒரே கேள்வியைக் கேட்பார்: “இதைப் படித்துவிட்டு எழுந்து போகிறவர், வீட்டில் இருப்பவரிடம் என்ன சொல்வார்?” உங்கள் 12 வாரத்தையும் இந்தக் கேள்வியைச் சுற்றிக் கட்டுங்கள் என்பேன்.

இதற்கு நான் வகுப்புகளில் சொல்லும் உதாரணம் பத்திரிகை உலகத்தைச் சேர்ந்ததே இல்லை. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்பது 1960-களின் இறுதியிலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. சர்க்கரை சேர்ந்து வந்தால் குடல் உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆக, அறிவியல் தயாராகிவிட்டது. ஆனால் அளவுக் குவளையும் தராசும் இல்லாத வீட்டுக்கு அதை எப்படிக் கொண்டுபோவது?

1980-ல் வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கையள்ளு வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர். தாயின் விரல்களே அளவுகோல். இதுவே அழகான யோசனைதான். ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்தது அவர்கள் சம்பளம் கொடுத்த விதம். ஊழியர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்று எண்ணிப் பணம் தரவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், சில வீடுகளைப் பொறுக்கியெடுத்து அந்தத் தாய்மார்களிடம் கேட்பார். சொல்லிக்கொடுத்ததில் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகக் கலந்து காட்டுகிறாரா என்பதைப் பொறுத்து ஊழியருக்குச் சம்பளம். ஆரம்பத்தில், சொல்லிக்கொடுத்தும் பலர் கரைசலைப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தது. விசாரித்தால், ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை; தங்கள் வீட்டில் வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத் தேடிப் போனார்கள். முதலில் அவர்களுக்குப் புரியவைத்தார்கள், அப்புறம் நிலைமை மாறியது. 10 ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் போய் வந்தார்கள்.

உங்கள் மதிப்பெண் கேள்விக்கு என் பதில் இதுதான்: கட்டுரைக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஒவ்வொரு மாணவரும் அறிவியல் படிக்காத ஒரு வாசகரைத் தேடிக்கொள்ளட்டும். சொந்த அம்மா, நண்பர் வேண்டாம். அவர்கள் பாசத்தில் புரிந்துகொள்வார்கள். கட்டுரையைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது. மறுநாள் இன்னொரு மாணவர் அந்த வாசகரிடம் பேசி, “நேற்று என்ன படித்தீர்கள், சொல்லுங்கள்” என்று கேட்டு, வந்த பதிலை ஒரு சொல் மாற்றாமல் எழுதிவர வேண்டும். நீங்கள் திருத்தப்போவது அந்தப் பதிலை. வாசகர் “மலேரியா இனிமே வராதாம்” என்று சொல்லியிருந்தால், கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருந்தாலும் கட்டுரை தேறவில்லை. முதல் முறை பெரும்பாலும் யாரும் தேறமாட்டார்கள். வகுப்பில் கொஞ்ச நேரம் அமைதி நிலவும். நல்லதுதான், விடுங்கள்.

இனி எண்கள். உங்கள் மாணவர்கள் புள்ளியியல் படித்தவர்கள். அதனாலேயே அவர்களுக்கு இதில் கண் கட்டிவிடும். அவர்களுக்குப் பழகிப்போன ஒப்பீட்டு அளவுகள் வாசகரின் தலையில் வேறு எதுவாகவோ போய் விழுகின்றன.

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஏற்படும் ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. அது பொய்யில்லை. 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது, 7,000 பேரில் இரண்டு பேருக்கு வந்தது. ஆனால் செய்தியில் பெரிதாகப் போனது ‘இரண்டு மடங்கு’ மட்டும்தான். பெண்கள் கூட்டம் கூட்டமாக மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கர்ப்பம் தரித்தாலும் ரத்தக்கட்டு ஆபத்து உண்டு, அதுவும் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். இது அப்போதே தெரிந்த விஷயம்தான்.

இதைச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு ரத்தக்கொதிப்பு மாத்திரை பற்றிய ஆய்வுக்கு, ‘ஆபத்து இரட்டிப்பு’ என்று தலைப்பு வைத்தவன் நான். கட்டுரையின் ஒன்பதாவது பத்தியில் முழு எண்ணும் இருந்தது, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்ற வரியும் இருந்தது. மறுநாள் ஒரு பெரியவர் போன் செய்தார். “மாத்திரையைத் தூக்கிப்போட்டுட்டேன் தம்பி, இனிமே என்ன சாப்பிடணும்?” என்று கேட்டார். ஒன்பதாவது பத்தியைப் பற்றி அவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே வகுப்பில் ஒரு சட்டம் போடுங்கள். சதவீதமோ மடங்கோ எழுதினால், பக்கத்திலேயே எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதும் வர வேண்டும். அடுத்த பத்திக்குத் தள்ளக் கூடாது. 2020-ல் ஃபைசர் கோவிட் தடுப்பூசிக்கு 95 சதவீதச் செயல்திறன் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தபோது, ஊசி போட்ட 100 பேரில் 5 பேருக்கு நோய் வரும் என்று எத்தனையோ பேர் புரிந்துகொண்டார்கள். ஆய்வில் நடந்தது வேறு: ஒரு பக்கம் சுமார் 18,000 பேர், மறுபக்கம் அதே அளவு. ஊசி போட்டவர்களில் 8 பேருக்கு நோய், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் 162 பேருக்கு. இந்த 8-ஐயும் 162-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த வாசகருக்கும் புரிந்துவிடும்.

உங்கள் மலேரியா ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 15,459 குழந்தைகள் பங்கேற்றார்கள். சற்று வளர்ந்த குழந்தைகளிடம் நான்கு டோஸ் சுமார் 4 ஆண்டுகளில் 10-ல் 4 என்ற அளவுக்கு மலேரியாவைத் தடுத்தது. இதை மட்டும் எழுதினால் “அவ்வளவுதானா?” என்பார் வாசகர். ‘முடிவு வந்தாச்சு’ எழுதிய மாணவர் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அப்படி எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அதே ஆய்வறிக்கையில் இன்னோர் எண் இருக்கிறது. நான்கு டோஸ் போட்ட ஒவ்வொரு 1,000 குழந்தைகளுக்கும் 1,774 மலேரியாக் காய்ச்சல்கள் தவிர்க்கப்பட்டன. குழந்தைகளைவிடத் தவிர்த்த காய்ச்சல் எப்படி அதிகம்? ஒரே குழந்தைக்கு மலேரியா திரும்பத் திரும்ப வருவதால். இந்த ஒரு எண்ணை வைத்துக் கட்டுரையைத் தொடங்கினால், மலேரியா நிறைந்த இடத்தில் குழந்தை வளர்ப்பது எப்படிப்பட்டது என்பதும் அதற்குள் வந்துவிடுகிறது. உங்களுக்கு வந்த 22 கட்டுரைகளில் ஒருவராவது இந்த எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. சுருக்கத்தைத் தாண்டி அட்டவணைகளுக்குள் போகிறவர்கள் குறைவு.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாணவர்கள் தமிழில் எழுதும்போது ஒரு குழி இருக்கிறது. ‘நோய் எதிர்ப்பு சக்தி’ என்றால் நல்ல விஷயம். ‘மருந்து எதிர்ப்பு’ என்றால் கெட்ட விஷயம். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால், உடம்புக்கு மருந்தை எதிர்க்கும் சக்தி வந்துவிட்டது என்றுதான் வாசகர் படிப்பார். எதிர்ப்பது கிருமி, உடம்பு இல்லை. ‘இந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகாது’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. அதுபோலவே ‘குறிப்பிடத்தக்க’. புள்ளியியலில் அது, வெறும் தற்செயலால் இப்படி ஒரு முடிவு வர வாய்ப்பு குறைவு என்று மட்டும் சொல்கிறது; வாசகர் காதில் ‘பெரிய, முக்கியமான’ என்று விழுகிறது. இந்தச் சொல்லை ஒரு பருவம் முழுக்கத் தடை செய்துவிடுங்கள். அதேபோல் பரிசோதனை முடிவு ‘பாசிட்டிவ்’ என்பதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த மாணவியின் கேள்வி. உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான். என் பதிலை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் ஒரே கேள்விக்குள் இரண்டு வேலைகளைக் கலந்திருக்கிறார்.

சுகாதாரப் பிரசாரம் ஒரு வேலை. மக்கள் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று முன்பே முடிவெடுத்துவிட்டு, செய்யவைக்கப் பேசுவது. தேவையான வேலைதான், உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் பிற்பாடு அதைத்தான் செய்யப்போகிறார்கள். இதழியல் வேறு வேலை. என்ன தெரியும், எவ்வளவு உறுதியாகத் தெரியும், யார் சொல்கிறார்கள், அவர்களுக்கு இதில் என்ன லாபம் என்று வாசகர் சார்பில் கேட்பது. பொது சுகாதார மாணவர்களுக்கு முதல் வேலை ரத்தத்தில் ஊறியிருக்கும். அதனால் ஊசிக்கு எதிராகப் போய்விடக் கூடிய எந்த உண்மையையும் கண்டால் கை தானாக நின்றுவிடுகிறது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மறைத்தால் நடப்பது என்ன என்பதற்கும் அனுபவம் இருக்கிறது.

ஆர்டிஎஸ்-எஸ் ஆய்விலேயே அப்படி ஒரு விஷயம் இருந்தது. ஊசி போட்ட குழந்தைகளிடம் மூளைக்காய்ச்சல் அதிகமாகப் பதிவானது. பெண் குழந்தைகளின் இறப்பிலும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. ஊசியால் நேர்ந்ததா, தற்செயலா என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் அதை மூடி மறைக்கவில்லை, உடனே பரிந்துரையும் செய்யவில்லை. 2019-ல் கானா, கென்யா, மலாவி மூன்று நாடுகளில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிக் கண்காணித்தார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊசி போட்டுக்கொண்ட பிறகு, அந்தச் சந்தேகங்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2021 அக்டோபரில்தான் பரிந்துரை வந்தது. மாணவி பயப்படுகிற ‘குறை’யை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் என்ன மிஞ்சுகிறது? ‘நிபுணர்கள் பாதுகாப்பானது என்று சொல்கிறார்கள்’ என்ற ஒரு வரி. அந்தச் சந்தேகம் எழுந்ததையும், அது சோதிக்கப்பட்ட விதத்தையும் சேர்த்துப் படித்த தாய்க்கு நம்பக் காரணம் கிடைக்கிறது. பின்னால் யாராவது அவரிடம் “மூளைக்காய்ச்சல் வந்ததை மறைச்சிட்டாங்க தெரியுமா?” என்று சொன்னால், “தெரியும், படித்தேன்” என்று சொல்ல முடியும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1996-ல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் சுமார் 200 குழந்தைகளிடம் தன் புதிய மருந்து ஒன்றைச் சோதித்தது. முறையான சம்மதம் வாங்கவில்லை என்ற குற்றச்சாட்டுடன் அந்த விவகாரத்தை 2000-ல் வாஷிங்டன் போஸ்ட் வெளிக்கொண்டுவந்தது. 2003-ல் அதே கானோ உள்ளிட்ட வட நைஜீரியப் பகுதிகள் போலியோ சொட்டு மருந்தை நிறுத்திவைத்தன. மலட்டுத்தன்மை உண்டாக்குகிறது என்று வதந்தி. போலியோ பல நாடுகளுக்குத் திரும்பப் பரவியது. வதந்தி பொய். ஆனால் அது விழுந்த மண் அந்தப் பழைய விவகாரத்தால் உழப்பட்டிருந்தது. ‘மூடநம்பிக்கையால் மக்கள் மறுத்தார்கள்’ என்று எழுதுகிற நிருபர் பாதிக் கதையைக்கூட எழுதவில்லை. எங்கே ஊசிக்கு எதிர்ப்பு என்று செய்தி வந்தாலும், அங்கே இதற்குமுன் என்ன நடந்தது என்று தேடிப்பார்க்கும் பழக்கத்தை உங்கள் வகுப்பு ஏற்படுத்தினால் போதும், மற்றதெல்லாம் கொசுறு.

மாணவியின் கேள்வியில் இன்னொரு பாதி மிச்சமிருக்கிறது: பொறுப்பு யாருடையது? வாசகர் எடுக்கும் முடிவுக்கு நிருபர் பொறுப்பில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். பலர் தப்பிக்கிறார்கள். என்னால் முடிவதில்லை, அந்தப் பெரியவரின் போன் இன்னும் காதில் இருக்கிறது. நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: முழுதாகவும் சரியாகவும் புரிந்துகொண்ட பிறகு ஒருவர் மறுத்தால், அது அவர் உரிமை. தவறாகப் புரிந்துகொண்டு மறுத்தால், அதில் எனக்குப் பங்கு உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் மேலே சொன்ன மறுநாள் கேள்வி. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, தொடக்கத்தில் ‘இந்த நோய்க்கு மருந்தே இல்லை’ என்று சுவரொட்டியிலும் வானொலியிலும் சொன்னார்கள். அன்றைக்கு அது உண்மை. அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் அப்போது இல்லை. கேட்டவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? மருந்தே இல்லையென்றால் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போவது என்று நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். நோய் வீட்டுக்குள் பரவியது. திரவம் ஏற்றிக் கவனித்துக்கொண்டால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மைதான், ஆனால் அது பிந்தித்தான் வந்தது. 28,600 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு 11,300 பேருக்கு மேல் இறந்த கொள்ளைநோய் அது.

‘உலக நலவாழ்வு’ என்று பாடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்த ‘உலக’ என்ற சொல்லுக்கு ஒரு வாரம் தனியாக ஒதுக்குங்கள். அதற்கு ரோட்டாஷீல்டு கதையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிராக 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஊசியில்லாத் தடுப்பு மருந்து அது, வாய்வழியாகக் கொடுப்பது. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் கோளாறு சில குழந்தைகளுக்கு வந்தது. ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர். 1999-ல் மருந்தை விலக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் அந்த வைரஸால் ஆண்டுக்கு 20 முதல் 60 குழந்தைகள் இறந்துகொண்டிருந்த நேரம், ஆகவே அங்கே அந்த முடிவில் நியாயம் இருந்தது. அதே காலத்தில் உலகம் முழுக்க ரோட்டா வைரஸ் ஆண்டுக்குப் பல லட்சம் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது, பெரும்பாலும் ஏழை நாடுகளில். அங்கே அதே 10,000-ல் ஒன்று என்ற எண்ணுக்கு வேறு பொருள். ஆனால் பணக்கார நாடு வேண்டாம் என்று ஒதுக்கிய மருந்தை எந்த அரசு தன் குழந்தைகளுக்குக் கொடுக்கத் துணியும்? புதிய மருந்துகள் 2006 வாக்கில்தான் வந்தன. ஒவ்வொன்றும் 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகு. இடையில் போன ஆண்டுகளை எந்தத் தலைப்பில் எழுதுவது? வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரே செய்தியை இரண்டு நாட்டு வாசகருக்கு எழுதச் சொல்லுங்கள். சண்டை வரும், நேரம் போதாது.

வார்டுக் குழந்தையின் கதை உங்களை நெருடியது சரிதான். பெயரை மாற்றினால் போதும் என்று மாணவர் நினைத்திருக்கிறார். வயது, நோய், ஊர், அப்பாவின் தொழில் எல்லாம் இருந்தால் அக்கம்பக்கத்தார் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு: அந்தக் குடும்பம் அவரிடம் பேசியது சிகிச்சைக்காக. வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் சொன்னதை நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் வகுப்பில் இது விவாதத்துக்குரியதே இல்லை. பயிற்சி வார்டில் சந்தித்த யாரும் செய்திக்கு மூலமாக முடியாது. வேறு இடத்தில், நிருபராக அறிமுகம் செய்துகொண்டு, எங்கே வெளியாகும், யார் யார் படிக்கக்கூடும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். எழுதிய பிறகு அவர்களைப் பற்றிய பகுதியை மட்டும் படித்துக்காட்டி, “இது வெளியே தெரிந்தால் உங்களுக்குச் சரியா?” என்று மறுபடி கேட்பேன். காப்பியை முன்கூட்டிக் காட்டக் கூடாது என்று பத்திரிகைகளில் ஒரு வைராக்கியம் உண்டு. அமைச்சருக்கும் மருந்து நிறுவனத்துக்கும் அது பொருந்தட்டும். காசநோய் வந்த பெண்ணுக்கு அதைப் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த மாணவரிடம் கோபப்படாதீர்கள். 22 பேரில் ஒரு மனிதரைக் கண்ணால் பார்த்து எழுதியவர் அவர் ஒருவர்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று வாரம் எதுவும் எழுதவைக்காதீர்கள். ஓர் ஆய்வுக் கட்டுரை, அதைப் பற்றிப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பத்திரிகைக் குறிப்பு, அதிலிருந்து வந்த செய்தி மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, எந்த இடத்தில் ஊதிப் பெரிதாக்கினார்கள் என்று கோடிடச் சொல்லுங்கள். மாணவர்கள் நிருபரைத்தான் குற்றம் சொல்வார்கள். ஆனால் 2014-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 20 பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் 462 பத்திரிகைக் குறிப்புகளைப் பார்த்ததில், 40 சதவீதக் குறிப்புகளிலேயே மிகைப்படுத்திய அறிவுரை இருந்தது. மிகை ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலிலேயே தொடங்குகிறது என்று தெரிந்தால், நாளைக்குத் தங்கள் ஆய்வுக்குக் குறிப்பு எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கும்.

ஒரு வகுப்பைச் சாக்லேட்டுக்குக் கொடுங்கள். 2015-ல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், சாக்லேட் சாப்பிட்டால் எடை சீக்கிரம் குறையும் என்று வேண்டுமென்றே ஒரு மோசமான ஆய்வை நடத்தி வெளியிட்டார். 15 பேரிடம் 18 அளவீடுகள். ஒவ்வொன்றிலும் தற்செயலாகத் தப்பு முடிவு வர 5 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், 18-ல் ஒன்றாவது அப்படி வர வாய்ப்பு 60 சதவீதம். பல நாட்டுப் பத்திரிகைகள் எத்தனை பேரிடம் சோதித்தீர்கள் என்றுகூடக் கேட்காமல் அச்சிட்டன. மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், அவர்கள் எழுதிய மலேரியாக் கட்டுரைகளில் எத்தனை பேர் ஆய்வில் பங்கேற்றவர்களின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பேட்டி எடுக்கப் பழக்கும்போது, விஞ்ஞானியிடம் கேட்க இரண்டு கேள்விகள் போதும். ‘உங்கள் முடிவில் உங்களுக்கே உறுதியில்லாத பகுதி எது?’, ‘இதை ஏற்காத ஆய்வாளர் யார், அவர் என்ன சொல்வார்?’ நல்ல விஞ்ஞானிகள் இந்தக் கேள்விகளை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். எரிச்சல்படுகிறவரைப் பற்றி மாணவரே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

நீங்கள் பத்திரிகையில் வேலை பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நாளிதழின் உதவி ஆசிரியர் யாரையாவது இரண்டு வகுப்புக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தலைப்பு வைப்பதை அவர் சொல்லித்தரட்டும். ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையை எப்படிப் படிப்பது என்று அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அடுத்த வாரம் அந்த 600 சொல் பயிற்சியையே திருப்பி எழுதச் சொல்லுங்கள். 1,774 என்ற எண்ணும் மூளைக்காய்ச்சல் விவகாரமும் இரண்டும் உள்ளே வர வேண்டும், அளவு 600-ஐத் தாண்டக் கூடாது. கேள்வி கேட்ட மாணவியின் கட்டுரையை எடுத்துக்கொண்டு மறுநாள் வாசகரிடம் பேசப் போகிறவர் நீங்களாகவே இருங்கள். அந்த வாசகர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.